பொலோன்யாவில் தங்கி நான்கு ஊர்களைச் சுற்றிவர: ரயில், அறை, சாப்பாடு குறித்த முழுமையான வழிகாட்டி

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடியும் இத்தாலிக்குப் போக விரும்புபவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், எமிலியா-ரொமான்யா மாநிலத்தின் தலைநகரான பொலோன்யாவில் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மோதெனா, பார்மா, ஃபெராரா, ரவென்னா ஆகிய நான்கு ஊர்களுக்கும் காலையில் போய் மாலையில் திரும்புங்கள் என்றே சொல்வேன். நான்கு ஊர்களுக்கும் நேரடி ரயில் உண்டு. எதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பெட்டியையும் ஒரே ஒருமுறை பிரித்தால் போதும்.

இந்தச் சுற்றை நான் தனியாகவும் செய்திருக்கிறேன், உறவினர்களை அழைத்துக்கொண்டும் செய்திருக்கிறேன். உடன் வந்தவர்கள் தடுமாறியது எந்த ஊரைப் பார்ப்பது என்பதில் அல்ல. பூட்டிய தேவாலயத்தின் முன்னும், அடுப்பு அணைந்த உணவகத்தின் முன்னும், தவறான ரயிலுக்குள்ளும்தான் தடுமாறினார்கள். எனவே இவ்வழிகாட்டி இடங்களைக் காட்டிலும் நேரங்களைப் பற்றியே அதிகம் பேசுகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதை நம்பியே நிற்கிறது.

1. முதலில் தேதி, பிறகுதான் விமானச் சீட்டு

விமானக் கட்டணம் எந்த வாரத்தில் மலிவு என்று தேடுவதற்கு முன்னால் பொலோன்யாவின் வணிகக் கண்காட்சிகள் எந்தெந்த நாள்களில் நடக்கின்றன என்று பாருங்கள். அழகுப் பொருள்களுக்கான காஸ்மோப்ரோஃப் மார்ச் மாதத்திலும், குழந்தைகள் புத்தகக் கண்காட்சி வசந்த காலத்திலும், பீங்கான் ஓடுகளுக்கான செர்சாயே செப்டம்பரிலும் நடைபெறுகின்றன. அந்த நாள்களில் ஊரில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வழக்கமான வாடகையைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். விமானச் சீட்டில் மிச்சப்படுத்திய பணம் இரண்டே இரவுகளில் கரைந்துபோகும்.

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும் வரையிலும் உள்ள காலமே என் தேர்வு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் போ ஆற்றுச் சமவெளியின் புழுக்கம் சென்னையை நினைவுபடுத்தும். அதைவிட முக்கியமாக, ஆகஸ்டு 15ஆம் தேதி வரும் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி, குடும்பமாக நடத்தப்படும் உணவகங்கள் பலவும் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகின்றன. சாப்பாட்டுக்காக இந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆகஸ்டில் வருவதில் பொருளில்லை.

ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகியவை தேசிய விடுமுறை நாள்கள். அவை வார இறுதியோடு ஒட்டி வந்தால் உள்ளூர் மக்களே பயணம் கிளம்பிவிடுவார்கள் என்பதால், அந்த நாள்களுக்கான உணவக மேசைகளையும் விரைவு ரயில் சீட்டுகளையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

2. விசாவும் பதிவுகளும்: எது முன், எது பின்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாள்களுக்குக் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்க இயலாது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் நிகழ்கிறது. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் இறங்கும் நாடு கணக்கில் வரும். பாரிஸில் நான்கு இரவும் பொலோன்யாவில் மூன்று இரவும் தங்க இருப்பவர் இத்தாலியிடம் விண்ணப்பித்தால், ஏன் இங்கே வந்தீர்கள் என்ற கேள்வி எழும்.

எனவே முதலில் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்யுங்கள். அடுத்து விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பணம் திரும்பக் கிடைக்காத விரைவு ரயில் சீட்டுகளை விசா கையில் கிடைத்த பிறகே வாங்குங்கள். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே விமான நிலையத்தில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ரயிலைப் பிடிப்பதாகத் திட்டமிடாதீர்கள்.

3. அறை: எந்தத் தெரு, எந்தக் கேள்விகள்

பொலோன்யா ரயில் நிலையத்திலிருந்து நகர மையமான பியாத்சா மஜ்ஜோரே வரை வீயா இந்திபெந்தென்சா என்ற நேர்த்தெரு செல்கிறது; நடந்தால் இருபது நிமிடங்களுக்குள் போய்ச் சேரலாம். தெரு நெடுகிலும் கூரையிட்ட தூண் நடைபாதை இருப்பதால் மழையிலும் பெட்டியை நனையாமல் இழுத்துச் செல்லலாம். இந்தத் தெருவின் பக்கத் தெருக்களிலோ, மெர்காத்தோ தெல்லே எர்பே என்ற மூடுசந்தையைச் சுற்றியோ அறை எடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். தினமும் காலையில் ரயிலுக்கும் இரவில் சாப்பாட்டுக்கும் நடந்தே போய்விட முடியும் என்பதே காரணம்.

வீயா சம்போனியும் வீயா தெல் ப்ரத்தெல்லோவும் மாணவர்களின் தெருக்கள். உட்கார்ந்து அரட்டை அடிக்க அருமையான இடங்கள், உறங்குவதற்கு அல்ல. நள்ளிரவுக்குப் பின்னும் பேச்சொலி ஜன்னல் வரை வரும்.

பணம் கட்டும் முன் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, மின்தூக்கி இருக்கிறதா என்பது. பழைய கட்டடங்களின் மூன்றாம் மாடி என்பது நம் ஊர்க் குடியிருப்புகளின் மூன்றாம் மாடியைவிட நன்றாகவே உயரம், ஏனெனில் ஒவ்வொரு தளத்தின் கூரையும் மிக உயரமானது. இரண்டாவது, சாவியை எத்தனை மணி வரை தருவார்கள் என்பது. சிறிய விடுதிகளில் வரவேற்பறை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்காது. இரவு ஒன்பதுக்கு மேல் வருவதானால் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். மூன்றாவது, கோடையில் குளிர்சாதனம் உண்டா என்பது. குளிர்காலத்தில் வேறொரு சிக்கல்: இப்பகுதியில் கட்டடங்களின் வெப்பமூட்டலுக்குச் சட்டப்படி அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் காலம் என்பதால், ஏப்ரல் கடைசியில் போகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டையாவது எடுத்துச் செல்ல வேண்டும்.

வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள், 2025 ஜனவரி முதல், தேசிய அடையாள எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. அதை ச்சின் என்பார்கள். அந்த எண் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிச் சென்றுவிடுங்கள். இடம் கைக்கு வந்தபின் உங்கள் கடவுச்சீட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள். தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்ப அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்பதால் தயங்காமல் கொடுக்கலாம்.

அறை வாடகையோடு சேராத தங்கல் வரி ஒன்றும் உண்டு. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊருக்கும் அறைக்கும் ஏற்ப மாறும். பெரும்பாலும் விடுதியிலேயே, பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள். இணையத்தில் முழுத் தொகையும் கட்டிவிட்டேனே என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விடுதிக்காரருக்குப் போகும் பணம் அல்ல, நகராட்சிக்குப் போவது.

அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலையில் எழுந்ததும் சொந்தமாகத் தேநீர் போட்டே தீர வேண்டும் என்பவர்கள் சிறிய கெண்டி ஒன்றை எடுத்துச் செல்லலாம். நம் ஊரின் மெல்லிய இரு முள் பிளக் அங்கே பொருந்தும். தடித்த மூன்று முள் பிளக் பொருந்தாது.

4. எந்தக் கிழமையில் எந்த ஊர்

ஊர்களை வரைபடத்தில் உள்ள வரிசையில் அடுக்குவதே எல்லோருக்கும் தோன்றும் முறை. கிழமைகளைப் பார்த்து அடுக்குவதே சரியான முறை, ஏனெனில் இத்தாலிய அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். சந்தைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.

திங்கட்கிழமையை ரவென்னாவுக்குக் கொடுங்கள். அங்கே பார்க்க வேண்டியவை ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளின் பொடிக்கல் (மொசைக்) ஓவியங்கள். அவை இருக்கும் சான் வித்தாலே தேவாலயம், கல்லா ப்ளச்சீதியா கல்லறை, சாந்தப்போலினாரே நுவோவோ தேவாலயம் போன்றவை திங்களன்றும் திறந்திருக்கும். ஒரே கூட்டுச் சீட்டில் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் கல்லா ப்ளச்சீதியா மிகச் சிறிய கட்டடம் என்பதால் அதற்கு நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். சீட்டு வாங்கும்போதே அந்த நேரத்தைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமையுங்கள்.

அந்தக் கல்லறைக்குள் நுழைந்ததும் முதல் ஒரு நிமிடம் ஏறக்குறைய எதுவும் தெரியாது. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய பளிங்கு போன்ற கல் பதித்திருப்பதால், வெளிச்சம் தேன் நிறத்தில் கசிந்து வரும். அவசரப்பட்டு கைபேசியை எடுக்காமல் கண்ணைப் பழகவிடுங்கள்; அதன்பின் தலைக்கு மேலே கருநீலத்தில் பொன் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். உள்ளே சில நிமிடங்களே தருவார்கள் என்பதால் இந்த ஒரு நிமிடத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை மோதெனாவுக்கு. அங்குள்ள அல்பினெல்லி மூடுசந்தை 1931 முதல் இயங்கி வருகிறது. நண்பகல் கடந்தால் கடைகள் ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கிவிடும் என்பதால் பத்து மணிக்குள் போய்விட வேண்டும். சந்தையிலிருந்து பேராலயம் ஓரிரு நிமிட நடைதான்.

பார்மாவைச் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளில் வையுங்கள். பிலோத்தா மாளிகைக்குள் முழுவதும் மரத்தாலான ஃபர்னேசே நாடக அரங்கம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் வருத்தப்படுவீர்கள். ஞாயிறு ஃபெராராவுக்குப் பொருந்தும்: சமதளமான ஊர், சைக்கிள்காரர்களின் ஊர், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டை மதிலைச் சுற்றி மர நிழலில் சைக்கிள் ஓட்டலாம். மதிலுக்குப் பூட்டும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஃபெராராவில் மட்டும் நிலையம் ஊர் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. மற்ற மூன்று ஊர்களிலும் பத்துப் பதினைந்து நிமிட நடையே.

பொலோன்யாவுக்கென்று இரண்டு முழு நாள்களை ஒதுக்குங்கள். ஆக மொத்தம் ஏழு இரவுகள். ஆறு இரவுகள்தான் முடியும் என்றால் பார்மாவை விடுங்கள், ரவென்னாவை விடாதீர்கள்.

5. ரயில்: பிழைகள் அதிகம் நேரும் இடம்

இத்தாலியில் இரண்டு வகை ரயில்களைப் பிரித்தறிந்தால் போதும். ஃப்ரெச்சா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண்ணும் ரயிலும் குறிப்பிட்டே சீட்டு தருவார்கள். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ரோமிலிருந்தோ மிலானிலிருந்தோ பொலோன்யாவுக்கு வர இவையே ஏற்றவை. மிலானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம், ரோமிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

நான்கு ஊர்களுக்கும் போகும் ரெஜியோனாலே என்ற உள்ளூர் ரயில்கள் வேறு ரகம். இருக்கை எண் கிடையாது. இன்று வாங்கினாலும் இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினாலும் ஒரே விலை. ஆகவே முன்கூட்டி வாங்கி நாளைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டாம். மழை பெய்தால் திட்டத்தை மாற்றும் சுதந்திரம்தான் இந்தச் சுற்றின் பெரிய வசதி.

காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். கைபேசியில் வாங்கினால், ஏறும் முன் செயலியில் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இந்தச் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கானது அல்ல என்பதால், முத்திரை இல்லாவிட்டால் அதையே மறுபடியும் பயன்படுத்திவிடலாம். பணம் கட்டித்தானே சீட்டு வாங்கினோம் என்ற விளக்கம் பரிசோதகரிடம் எடுபடாது. அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து அறிவிப்புப் பலகை. அதில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும். நீங்கள் இறங்கும் ஊர் அல்ல. மோதெனாவுக்கும் பார்மாவுக்கும் போகும் ரயில் பியாச்சென்சா என்றோ மிலானோ என்றோ காட்டும். ஃபெராராவுக்குப் போவது வெனேத்சியா என்று காட்டும். எனவே ஊர்ப் பெயரைத் தேடாமல், செயலியில் பார்த்த ரயில் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் வைத்துத் தேடுங்கள்.

என் மாமா ஒருவர், ரவென்னாவும் கடற்கரைப் பக்கம்தானே என்று எண்ணி, ரிமினி என்று காட்டிய ரயிலில் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த ரயில் ஃபோர்லி, செசேனா வழியாகப் போகும் முதன்மைப் பாதையில் சென்றது; ரவென்னாவைத் தொடவே இல்லை. கல்லா ப்ளச்சீதியாவுக்குக் குறித்த நேரம் வீணாயிற்று. வெகு நாள்களுக்கு அந்தக் குடும்பத்தில் ரிமினி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

பொலோன்யா நிலையத்தின் நடைமேடை எண்களில் ஒரு பொறி இருக்கிறது. பினாரியோ என்றால் நடைமேடை. பினாரியோ 3 வேறு, 3 ஓவெஸ்த் வேறு. ஓவெஸ்த் என்றால் மேற்கு. அந்த நடைமேடைகள் நிலையத்தின் மேற்குக் கோடியில் தனியாக இருக்கின்றன. எண்ணுக்குப் பின்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். தவறிப்போய் நின்றால் ஐந்து நிமிடம் ஓட வேண்டியிருக்கும்.

வேலைநிறுத்தத்தை ஷோபெரோ என்பார்கள். இது இத்தாலியில் அரிதான நிகழ்வு அல்ல. ஆனால் முன்கூட்டியே அறிவிக்கப்படும், போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பட்டியலே இருக்கும். வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும். எனவே அன்றைக்கு வெளியூர் போயே ஆக வேண்டுமென்றால் இந்த இரண்டு இடைவெளிகளுக்குள் போய்த் திரும்புங்கள். இல்லையெனில் அன்றைய தினத்தைப் பொலோன்யாவுக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இந்தச் சுற்றுக்கு வேண்டாம் என்பதே. பழைய நகரப் பகுதிகள் யாவும் அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமானவை. கேமரா படம் பிடித்துவிடும். அபராதக் கடிதம் பல மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

6. ஒரு நாளின் ஒழுங்கு

இந்த ஊர்கள் நடுப்பகலில் கண்ணயர்ந்துவிடும். தேவாலயங்கள் பலவும் பன்னிரண்டு மணிவாக்கில் மூடி, மூன்று மூன்றரைக்குத்தான் திறக்கும். சிறு கடைகளும் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தும். உணவகச் சமையலறை மதியம் 12.30 முதல் 2.30 வரை, பிறகு இரவு 7.30க்குத்தான் மறுபடியும் அடுப்பு மூட்டுவார்கள்.

எனவே எட்டு, எட்டரை ரயிலில் கிளம்புங்கள். தேவாலயத்தை முதலில் பாருங்கள். சந்தை இருந்தால் அதற்கடுத்து. 12.30க்கு உணவகத்தில் உட்காருங்கள். சாப்பிட்ட பிறகு, நடுவில் மூடாத அருங்காட்சியகத்துக்கோ மதில் நடைக்கோ போகலாம். ஐந்து மணி ரயிலில் திரும்பினால், பொலோன்யாவில் ஒரு மணி நேரம் காலை நீட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

நம்மவர்கள் பத்து மணிக்குப் புறப்பட்டு, பதினொன்றரைக்கு ஊரில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டே நடந்து, தேவாலயக் கதவு சாத்தும்போது வாசலுக்குப் போய், சரி சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சுற்றி, இரண்டே முக்காலுக்கு உணவகத்தில் நுழைந்து, சமையலறை மூடிவிட்டது என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காலையில் தவறவிட்ட ஒன்றரை மணி நேரம் நாள் முழுவதையும் தின்றுவிடுகிறது.

தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடை வேண்டும். மெல்லிய துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் போதும்.

7. உணவகத்தில்

இரவுச் சாப்பாட்டுக்கு மேசையை முன்பதிவு செய்யுங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்கு இது கட்டாயம். பல உணவகங்கள் ஓர் இரவில் ஒரு மேசைக்கு ஒரே ஒரு குழுவைத்தான் அமர்த்துகின்றன. அந்த மேசை விடியும்வரை உங்களுடையது என்பதுபோல் நடத்துவார்கள். பில்லையும் நீங்கள் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கவனிக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்காமல் பில் நீட்டுவது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் என அவர்கள் கருதுகிறார்கள்.

பட்டியலில் அந்திபாஸ்தோ, ப்ரீமோ, செகோந்தோ, கோந்தோர்னோ என்று பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. அந்திபாஸ்தோ என்பது தொடக்கம்; ப்ரீமோ என்பது பாஸ்தா அல்லது சூப்; செகோந்தோ என்பது இறைச்சி அல்லது மீன். செகோந்தோ தனியாகத் தட்டில் வரும். காய்கறி வேண்டுமென்றால் கோந்தோர்னோவில் தனியே சொல்ல வேண்டும். இருவருக்கு ஒரு தொடக்கம், ஆளுக்கொரு ப்ரீமோ, ஒரு காய்கறி என்பது என் அளவு.

பில்லில் கோபெர்த்தோ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருக்கும். அது ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமான கட்டணம், பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள். இதை ஏமாற்று என்று எண்ணிச் சண்டையிடுவதும் தவறு, இதற்குமேல் பெருந்தொகை டிப்ஸ் வைப்பதும் தேவையற்றது.

மதியத்துக்கு வேறொரு வழியும் உண்டு. பொலோன்யாவின் குவாத்ரிலாத்தெரோ சந்தைத் தெருக்களில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவும் வாங்கிக்கொண்டு, அங்கேயே உள்ள ஒஸ்தெரியா தெல் சோலேக்குப் போகலாம். பழமையான அந்தக் கடையில் குடிக்க மட்டுமே கிடைக்கும். சாப்பாட்டை நாமே கொண்டுபோய் மேசையில் பிரித்துவைத்துச் சாப்பிடலாம். கட்டுச்சோறு கட்டிப் பழகிய நமக்கு உடனே ஒத்துப்போகும் இடம்.

8. சைவம், முட்டை, பன்றி: கேட்க வேண்டியவை

இந்த மாநிலத்தின் சமையல் பன்றியைச் சுற்றியது. இறைச்சி கண்ணுக்குத் தெரிந்தால் தவிர்த்துவிடலாம். தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். ஸ்த்ரூத்தோ என்ற பன்றிக்கொழுப்பு பல மாவுப் பண்டங்களில் கலந்திருக்கிறது. நம் சப்பாத்தியைப்போலவே இருக்கும் ரவென்னாப் பகுதியின் பியாதீனா, மோதெனாவின் திஜெல்லே, பூரிபோல் உப்பிவரும் ந்யோக்கோ ஃப்ரித்தோ ஆகிய மூன்றிலும் மரபாக அது உண்டு. பியாதீனாவை ஆலிவ் எண்ணெயில் செய்யும் கடைகளும் இருக்கின்றன என்பதால் கேட்டு வாங்கலாம். வெங்காயமும் தக்காளியும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஃப்ரிஜ்ஜோனே என்ற பொலோன்யாத் தொக்கிலும் மரபுப்படி ஸ்த்ரூத்தோதான்.

ஓர் எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள். தோர்தெல்லீனி சிறியது, உள்ளே பன்றி இறைச்சி. தோர்தெல்லோனி பெரியது, உள்ளே பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடை. வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தரும் தோர்தெல்லோனி சைவர்களுக்கான முதல் தேர்வு. பார்மாவில் இதற்கு ஈடு, கீரையும் ரிக்கோத்தாவும் அடைத்த தோர்தெல்லி தெர்பெத்தா.

ஃபெராராவில் கப்பெல்லாச்சி தி சூக்கா கேளுங்கள். சூக்கா என்றதும் மட்டன் சுக்கா நினைவுக்கு வந்தால் அது நம் நாக்கின் பழக்கம். இங்கே அது பூசணி. இதையும் இறைச்சிக் குழம்போடு தரும் வழக்கம் இருப்பதால், வெண்ணெய், சேஜ் சேர்த்தது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு இன்னுமொரு எச்சரிக்கை: இப்பகுதியின் கையால் தேய்த்த பாஸ்தா பெரும்பாலும் முட்டை சேர்த்துப் பிசைந்தது. ஸ்பகெத்தி, பென்னே போன்ற உலர் பாஸ்தாவில் பொதுவாக முட்டை இருக்காது. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டுமே, பாலாடையும் இல்லை. பார்மாவின் புகழ்பெற்ற பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. இது உங்களுக்கு ஏற்புடையதா என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஏறக்குறைய எல்லாத் தட்டிலும் அதைத் தூவுவார்கள்.

சோனோ வெஜெதாரியானோ என்று ஆண்களும், வெஜெதாரியானா என்று பெண்களும் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு சொல் போதாது. இறைச்சிச் சாற்றில் வெந்ததைச் சைவம் என்று நல்லெண்ணத்தோடே எடுத்துவந்துவிடுவார்கள். சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ, சென்சா ஸ்த்ரூத்தோ, அதாவது இறைச்சி, இறைச்சிச் சாறு, பன்றிக்கொழுப்பு இன்றி என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டால் சமையலறைக்குள் போய் விசாரித்துவந்து நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள்.

மாட்டிறைச்சியை அல்லது பன்றியை மட்டும் தவிர்ப்பவர்கள், பொலோன்யாவின் ராகு குழம்பில் வழக்கமாக இரண்டுமே இருக்கும் என்பதையும், லசான்யாவிலும் அதே குழம்புதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தவிர்க்க எதுவும் இல்லாதவர்கள் முதல் இரவே தல்யாதெல்லே அல் ராகுவைச் சாப்பிடுங்கள். ராகுவோடு ஸ்பகெத்தி கேட்காதீர்கள்; அகலமான முட்டை நாடாவில்தான் அந்தக் குழம்பு ஒட்டி நிற்கும்.

9. பார், தண்ணீர், சில்லறை

பார் என்பது காலையில் காப்பி குடிக்கும் கடை. குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. பெரிய சதுக்கங்களில் இரண்டுக்கும் இடையே இரு மடங்குக்கும் மேல் வேறுபாடு இருக்கலாம். நெரிசலான கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் காப்பி போடுபவரிடம் காட்ட வேண்டும். லாத்தே என்று கேட்டால் ஒரு கோப்பை வெறும் பால் வரும். நம் காப்பிக்கு நெருக்கமானது கப்புச்சீனோ. பாலின் அளவு குறைவாக வேண்டுமென்றால் மக்கியாத்தோ.

பேருந்துச் சீட்டை, டி என்ற எழுத்திட்ட தபாக்கி என்ற புகையிலைக் கடைகளில் முன்பே வாங்கி, ஏறியதும் முத்திரை பதியுங்கள். தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். நோன் பொதாபிலே என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் தயங்குவார்கள். வாயு இல்லாத நத்துராலே புட்டியைச் சொல்லிவிடுவதே எளிது.

10. திரும்பும் நாள்

தங்கல் வரியை முந்தைய மாலையே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். காலையில் சாவி வாங்க ஆள் வர நேரமானால் ரயில் போய்விடும். பொலோன்யா விமான நிலையத்துக்குப் போவதானால், ரயில் நிலையத்திலிருந்து மர்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் கொண்டுசேர்க்கும்.

ரோமுக்கோ மிலானுக்கோ அதிவேக ரயில் பிடிப்பதானால், பலகையில் 16 முதல் 19 வரையான எண் காட்டுகிறதா என்று பாருங்கள். அந்த நடைமேடைகள் தரைக்கு மிகக் கீழே, பல நகரும் படிக்கட்டுகள் இறங்கிய பின் வருபவை. பெட்டியோடு போக நிலைய வாசலிலிருந்து பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று நிலையத்துக் கடையில் கடைசிக் காப்பிக்கு நின்றவர்களை மேலேயே விட்டுவிட்டு அந்த ரயில் கிளம்பியதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். காப்பியை விடுதிக்குப் பக்கத்திலேயே குடித்துவிட்டு வாருங்கள்.